பேர் என்னுது, கிடா அவளுது

சரசாத்தாள் வீடு இது இல்லைங்க தம்பி. ரெண்டு வேலிக்கு நடுவிலே வண்டித்தடம் போகுதே, இந்த இட்டேரியைத் தாண்டி, அந்தப் பக்கம் ஓட்டு வீடு தெரியுது பாருங்க, அது. ஆனா இப்பப் போய் ஒண்ணும் ஆகாது. ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போயிருக்கிறாள், பொழுது சாயத்தான் வருவாள். பூட்டின கதவைப் பார்த்துக்கிட்டு வெயிலில் நிக்கிறதுக்கு இங்கே வந்து உட்காருங்க. வண்டி வேப்பமரத்தடியிலேயே நிக்கட்டும். மோர் கொண்டு வர்றேன்.

உப்பு போதுங்களா? இன்னொரு டம்ளர் ஊத்தறேன், வேண்டாம்னு சொல்லப்படாது.

வண்டியில் மாட்டியிருக்கிற மஞ்சப் பை உங்களுதுங்களா? நான் அஞ்சாவதோட நின்னவள்தான், ஆனாலும் எழுத்துக் கூட்டிப் படிச்சிருவேன். 'தெய்வாத்தாள் மெஸ்'. சரிதானுங்களே?

நான்தான் அந்தத் தெய்வாத்தாள்.

அட, எந்திரிக்காதீங்க, மோர் சிந்துது பாருங்க. முதலாளியோட அம்மான்னா எனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு? உட்காருங்க. கடைக்குப் புதுசுங்களா? அதானே பார்த்தேன். முன்னாடி இருந்த மாஸ்டருக்கு வழி பழக்கம். இங்கே வண்டியை நிறுத்த மாட்டார். கையை மட்டும் தூக்கி ஒரு கும்பிடு போட்டுட்டு நேரா அவள் வாசலுக்குப் போயிருவார். கும்பிடு எனக்கு, வியாபாரம் அவளுக்கு.

கல்லாவுக்கு மேலே என் படம் பார்த்திருப்பீங்களே. சுத்தி சீரியல் லைட்டு வேறே போட்டு வெச்சிருக்கான், உயிரோட இருக்கிறவளுக்கு. நேரில் பார்த்தா அடையாளம் தெரியலையா? அது என் பூபதி கல்யாணத்தில் எடுத்தது. அப்போ கன்னம் இருந்தது.

பலகையில் பேர் என்னுது. படம் என்னுது. பெத்த பையன் என்னுது. இலையில் விழுகிற கறி மட்டும் சரசாத்தாள் கிடா.

இதைச் சொன்னதும் என்னைப் பொறாமைக்காரின்னு நினைச்சுக்காதீங்க. பொறாமை பெரிய பாவம்னு எனக்குத் தெரியாதா? தினமும் விடியறதுக்குள்ளே குளிச்சுட்டு, பச்சைத் தண்ணி பல்லில் படாமல், இட்டேரி முக்கில் இருக்கிற கருப்பணசாமிக்கு விளக்குப் போட்டுட்டுத்தான் அடுப்பையே பத்த வைக்கிறவள் நான். அங்கே நின்னு எல்லார் பேரையும் சொல்லி வேண்டிக்குவேன். பூபதி பேர், ஈரோட்டில் கட்டிக் கொடுத்த என் பொண்ணு பேர், பேரன் பேத்தி பேர், எங்க ஆடு பேர்கூடச் சொல்லுவேன். சரசாத்தாள் பேரையும் சொல்லுவேன். கடைசியில்தான் சொல்லுவேன், ஆனால் சொல்லாமல் வந்ததில்லை. ஒரு தடவை அவள் கிடா ஒண்ணு வயிறு ஊதிப் படுத்துக்கிச்சு. சாகட்டும்னு நான் வேண்டினேனா? மாட்டேன். 'கருப்பா, நீ பார்த்துக்கோ'ன்னு மட்டும்தான் சொன்னேன். அவனும் பார்த்துக்கிட்டான். பிழைச்சுப் போச்சு.

அவள் யாருன்னு சொல்லலையே. எனக்கு ஓரகத்தி. எங்க வீட்டுக்காரருடைய தம்பி சம்சாரம். கொழுந்தனார் காலமாகி வெகுகாலம் ஆச்சு. பிள்ளை குட்டி இல்லை, ஒண்டிக்கட்டை. வாயிலிருந்து வார்த்தை வராது, அப்படி ஒரு அழுத்தம். நான் பத்து வார்த்தை பேசினா அவள் ஒரு வார்த்தை பேசுவாள். அந்த ஒரு வார்த்தைதான் ஊர் முழுக்க நிக்கும்.

உங்களுக்கு எந்தப் பக்கம்? தஞ்சாவூரா! நெல்லு விளையற சீமைக்காரருக்கு எங்க கொரங்காடு தெரிய நியாயமில்லை. இங்கே ஆறு குளம் ஒண்ணும் கிடையாதுங்க. மானம் பார்த்த பூமி. நிலத்தைச் சுத்திக் கிளுவை வேலி, நடுவிலே அங்கங்கே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். விதைக்கிறதும் இல்லை, உழுகிறதும் இல்லை. ஐப்பசியில் நாலு மழை பெய்ஞ்சால் புல் தானா எந்திரிக்கும். ஆட்டை உள்ளே விட்டுட்டுப் படலைச் சாத்தினால் போதும். படல்னா முள்ளைக் கட்டிச் செஞ்ச கதவுங்க. இவ்வளவுதான் எங்க வெள்ளாமை.

மாமனார் போனதும் இந்தக் கொரங்காட்டை ரெண்டாகப் பிரிச்சோம். இட்டேரிக்கு மேற்கே ஒண்ணு, கிழக்கே ஒண்ணு. யாருக்கு எதுன்னு மனுசன் சொன்னால் மனஸ்தாபம் வரும்னு கருப்பன் முன்னாடி பூ வெச்சோம். சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை அரளி ஒரு பொட்டலம். பூசாரி எடுத்துக் கொடுத்ததில் எனக்குக் கிழக்காடு, அவளுக்கு மேக்காடு. கிழக்காடு எங்கே இருக்கு? அவள் வீட்டுக்குப் பின்னாலே. மேக்காடு? இதோ, என் சமையக்கட்டு ஜன்னலைத் திறந்தால் மூஞ்சிக்கு நேரா.

அது ஒண்ணுமில்லைங்க, நம்ம ஆடுதான் கத்துது. எங்க வீட்டுக்காரர் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டார். ஓட்டிக்கிட்டுப் போக ஆள் இல்லாமல் இன்னைக்கு எல்லாம் பட்டியிலேயே கிடக்குது. சோளத்தட்டு வெட்டிப் போட்டேன், மூஞ்சியைத் திருப்பிக்குது. பெத்த பிள்ளை பசியில் கத்தினால் எப்படி இருக்கும், அப்படி இருக்குதுங்க எனக்கு.

எங்கே விட்டேன்? ஜன்னல். 

பருப்புத் தாளிக்கும்போது தலையை நிமிர்த்தினால் அவள் காடு. முழங்கால் உயரத்துக்குப் புல், கதிர் வாங்கி, காத்தடிச்சால் வெள்ளைச் சேலையை உதறின மாதிரி ஆடும். என் கிழக்காட்டில் அதே நாளையில் மண்ணு தெரியும். ஒரே மழை, ஒரே அப்பன் சொத்து. நடுவிலே ஒரு இட்டேரி. இது என்ன நியாயம்னு நான் கருப்பனைக் கேட்டிருக்கேன். நல்லது எதுன்னு பார்த்து அவளுக்குக் கொடுத்துட்டியேப்பான்னு கேட்டிருக்கேன்.

அவள் அந்தப் புல்லை வெச்சு என்ன பண்ணுவாள் தெரியுங்களா? அங்கேதான் எனக்கு மனசு கேட்காது. காட்டை உள்ளுக்குள்ளே முள்வேலி போட்டு மூணாத் தடுத்து வெச்சிருந்தாள். ஒரு பாகத்தில் ஆடு இருந்தால் மத்த ரெண்டும் பூட்டு. மழை பெய்ஞ்சு புல் தளதளன்னு வர்ற நேரத்தில், அத்தனை படலையும் சாத்திக் கயிறு போட்டுட்டு, ஆட்டை வெளியே தரிசில் ஓட்டிக்கிட்டுப் போயிருவாள்! பச்சைப் புல்லுக்குப் பக்கத்தில் அந்த வாயில்லாத ஜீவன் வேலியில் மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கத்தும். 'விதை உதிரட்டும், அப்புறம் தின்னுக்குவீங்க'ம்பாள். ஆட்டுக்கிட்டே சொல்லுவாள் தம்பி, ஆட்டுக்கிட்டே! புள்ளை பெத்திருந்தால்தானே அவளுக்குத் தெரியும். பெத்த வயிறு இப்படிச் செய்யாது.

ஆடும் விரல் விட்டு எண்ணிடலாம், அவ்வளவுதான் வெச்சிருப்பாள். குட்டி போட்டுப் பெருகுச்சுன்னால் சந்தையில் கொடுத்துருவாள். எனக்கு அது வராதுங்க. பெட்டைக்குட்டியைக் கயிறு கட்டிக் கொடுக்கும்போது அது திரும்பிப் பார்க்கும் பாருங்க ஒரு பார்வை. எப்படிக் கொடுக்கிறது? என் பட்டியில் பிறந்தது என் பட்டியிலேயே இருக்கட்டும்னு விட்டுருவேன். எந்த ஆடும் என் காட்டில் பசின்னு நின்னதில்லை. முளை தெரிஞ்சதும் படலைத் திறந்து விட்டுருவேன். தின்னட்டும்.

எங்க வீட்டுக்காரர் கட்டிலில் படுத்துக்கிட்டே சொல்லுவார், "ஏ தெய்வா, கருப்பனுக்குப் போடற கும்பிடுல பாதியைப் படலுக்குப் போட்டிருந்தீன்னா நம்ம காடும் அப்படித்தான் இருக்கும்." அந்த மனுசனுக்கு எப்பவும் தம்பி வீட்டுப் பேச்சுத்தான் உசத்தி.

சரி, பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு ஒரு நாள் நானே போய்க் கேட்டேன். "ஏன் சரசு, உங்காடு எம்பட ஊட்டுக்குப் பின்னால. எங்காடு உம்பட ஊட்டுக்குப் பின்னால. ரெண்டு பேரும் எதுக்கு இட்டேரியைத் தாண்டித் தாண்டிச் சாகோணும்? மாத்திக்கிட்டா என்ன?" நியாயமான கேள்விதானுங்களே?

அவள் புல்லையே பார்த்துக்கிட்டு நின்னாள். அப்புறம், "சாமி பூ வெச்சுக் குடுத்ததுங்க்கா. நாம மாத்தலாமுங்களா?"ன்னாள்.

"சாமிகிட்டயே கேட்டுப் போடலாம்"னேன்.

கேட்டோம். வெள்ளை வந்தால் மாத்திக்கலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். முதலில் சிவப்பு வந்தது. பூசாரி இடது கையால் எடுத்த மாதிரி எனக்குப் பட்டுது, அதனால் மறுபடியும் எடுக்கச் சொன்னேன். ரெண்டாவதும் சிவப்பு. அப்போ எனக்கு ஒரு சந்தேகம், ராகுகாலம் முழுசா முடியலையோன்னு. கொஞ்சம் நேரம் பொறுத்து, சூடம் காட்டி, மூணாவது எடுத்தோம். வெள்ளை! கருப்பன் உண்மையானவன் தம்பி, நாமதான் பொறுமையாக் கேட்கணும்.

சரசு சிரிச்சாள். அதிசயமாச் சிரிச்சாள். "சரிங்க்கா. சாமி களைச்சுப் போச்சு. மாத்திக்கலாம்."

இதில் கேலி இருக்கான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கலை.

போகும்போது என்ன செஞ்சாள் தெரியுங்களா? காட்டில் ஒரு நாள் முழுக்கக் குனிஞ்சு குனிஞ்சு, கொழுக்கட்டைப் புல் கதிரை உருவி மடியில் கட்டிக்கிட்டுப் போனாள். இனி அது என் காட்டு விதை இல்லையா? ஜன்னலில் நின்னு பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். ஒரு வார்த்தை கேட்கலை. நான் எப்பவும் கேட்கிறவள் இல்லை.

முதல் வருசம் பார்க்கோணுமே தம்பி! நடுவிலே கிடந்த முள்வேலியை எல்லாம் பிடுங்கிப் போட்டேன். ஆடு என்ன ஜெயிலுக்கா வந்திருக்கு? எல்லாத்தையும் திறந்து விட்டேன். புல்லுக்குள்ளே போனால் குட்டி தெரியாது, கத்தற சத்தம் மட்டும்தான் கேட்கும். குட்டிகள் உருட்டி வெச்ச வெண்ணெய் மாதிரி இருந்தது. ஊரே சொல்லுச்சு, தெய்வாத்தாள் கைராசின்னு. நான் கருப்பனுக்குச் சேலை சாத்தினேன். அட, வேட்டிதான், சேலைன்னு வாயில் வந்துருச்சு.

அடுத்த வருசம் புல் கொஞ்சம் குட்டை. அதுக்கு அடுத்த வருசம் அங்கங்கே வழுக்கை. இப்போ போய்ப் பாருங்க, ஆவாரையும் எருக்கும் நெருஞ்சியும்தான் நிக்குது. ஆடு வாயில் வைக்காததெல்லாம் மதமதன்னு வளருது, வைக்கிறது ஒண்ணும் முளைக்கலை.

இந்தப் பக்கம் இப்படியா, அந்தப் பக்கத்தைக் கேளுங்க. என் கிழக்காடு. நான் வெச்சிருந்தபோது மண்ணாக் கிடந்த கிழக்காடு. அவள் முதல் வருசம் ஒரு ஆட்டைக்கூட உள்ளே மேய விடலை. பாதி ஆட்டை வித்துட்டாள். மீதியைக் கண்டவங்க காட்டில் எல்லாம் ஓட்டிக்கிட்டு அலைஞ்சாள். ராத்திரிப் பட்டியை மட்டும் காட்டுக்குள்ளே இடம் மாத்தி மாத்திப் போட்டு எரு சேர்த்தாள். மடியில் கட்டிக்கிட்டுப் போன விதையை மழைக்கு முன்னாடி இறைச்சு விட்டுட்டுப் படலைச் சாத்தினாள். நான் உள்ளுக்குள்ளே சிரிச்சுக்கிட்டேன். கிடைச்ச காட்டில் ஆடு மேய்க்கத் தெரியாமல் தெருவில் அலையறாளேன்னு. இன்னைக்கு அங்கே புல் இடுப்புக்கு நிக்குது. நடுநடுவே நரிப்பயறு கொடி வேறே பின்னிக்கிட்டுக் கிடக்குது. அப்போ, நல்ல மண்ணு எது? கிழக்காடுதானுங்களே நல்ல மண்ணு? அது எங்கிட்ட இருந்தபோது ஒளிச்சு வெச்சுக்கிட்டு, அவள் கைக்குப் போனதும் வெளியே காட்டுது. மண்ணுக்கும் ஓரவஞ்சனை இருக்கும்னு நான் கேள்விப்பட்டதே இல்லைங்க.

இருங்க, காப்பி போடறேன். இன்னும் வெயில் தாழலை. அவள் வர மாட்டாள்.

பூபதி சின்னதிலேயே அப்படித்தான். நம்ம வீட்டில் வடிச்ச சோறு ஆறிக்கிட்டு இருக்கும், அவன் இட்டேரியைத் தாண்டி ஓடியிருப்பான். என்கிட்டே கேட்டால் கேட்ட நிமிசம் கிடைக்கும். எத்தனை தடவை கேட்டாலும் கிடைக்கும். அவள், கை கால் கழுவிட்டு வா, விளக்கு வெச்சதும் போடறேன்னு உட்கார வெச்சிருவாள். அங்கேதான் உட்கார்ந்திருப்பான். "சின்னம்மா ஊட்டுச் சோறு பசிச்சுத் தின்றதும்மா, அதான் ருசி"ன்னு ஒரு நாள் சொன்னான். பிள்ளையைப் பசியில் போடறதுக்கு ருசின்னு பேர்!

அப்புறம் படிச்சு, வேலைக்குப் போய், வேலை பிடிக்கலைன்னு வந்து இந்த மெஸ்ஸை ஆரம்பிச்சான். என் பேரை வெச்சான். திறக்கிற அன்னைக்கு மேடையில் என்னை உட்கார வெச்சு, "எங்கம்மா கைப்பக்குவம்தான் இந்தக் கடை"ன்னு சொன்னான். எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. மசாலா என் பக்குவம்தான், நீங்கதான் அரைக்கிறீங்களே, தெரியும். வரமல்லி கொஞ்சம் தூக்கல், தேங்காய் கடைசியில். முதல் வருசம் கிடாயும் நான்தான் கொடுத்தேன். அந்த வெண்ணெய்க் குட்டிகள். அப்போ சாப்பிட்டவங்க இன்னைக்கும் சொல்லுவாங்க.

மெல்ல மெல்ல அவன் கேட்கிறது குறைஞ்சது. நான் சும்மா இருக்கலை. மக்காச்சோளம் வாங்கி ஊற வெச்சுப் போட்டேன். ரேசன் அரிசியைக் கஞ்சியாக் காய்ச்சி ஊத்தினேன். வயிறு நிறைஞ்சது, தம்பி. தொப்பையும் தொந்தியுமா நின்னுச்சு. போன ஆடியில் நல்லதாப் பார்த்து ஒரு கிடாயை நானே ஆட்டோவில் ஏத்திக்கிட்டுப் போய் இறக்கினேன். 'இன்னைக்கு அம்மா கிடாதான் அடுப்பில் ஏறணும்'னேன். அவன் மறுக்கலை. ஏத்தினான்.

மதியம் ஒரு ஆள், தினமும் வர்றவராம், இலையை மூடாமல் எந்திரிச்சார். "ஏனுங் பூபதி, இன்னைக்குக் கறி சவசவன்னு இருக்குதுங்களே. கடையக் கைமாத்திட்டீங்களா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டுட்டுப் போனார். கல்லாவில் என் படம், படத்துக்குக் கீழே நான்.

எல்லாரும் போன பிறகு பூபதி ரெண்டு வட்டிலில் கறி வெச்சுக்கிட்டு வந்தான். ஒண்ணு அவள் கிடா, ஒண்ணு என் கிடா. ஒரே மசாலா, ஒரே அடுப்பு. "நீங்களே தின்னுட்டு, எது நம்முளுதுன்னு சொல்லுங்கம்மா"ன்னான்.

முதல் வட்டிலில் எண்ணெய் மாதிரிக் கொழுப்பு உருகி மேலே நின்னது. கறி சுருங்கி அடியில் கிடந்தது. வாயில் போட்டால் ஒண்ணுமில்லை, பஞ்சைத் தண்ணியில் நனைச்ச மாதிரி. ரெண்டாவது வட்டிலில் எடுத்தேன். பல்லுக்குக் கொஞ்சம் வேலை கொடுத்துச்சு, அப்புறம் தானாக் கரைஞ்சுது. கொழுப்பு வெள்ளையாக் கறியோட ஒட்டிக்கிட்டே நின்னது. தொண்டையைத் தாண்டின பிறகும் நாக்கில் ஒரு மணம், மழைக்கு அடுத்த நாள் காட்டுக்குள்ளே நடந்தால் வருமே, அந்த மணம். எனக்கு ஒரே பெருமை. இதுதாண்டா நம்ம கிடான்னு தொட்டுக் காட்டினேன்.

அவன் சிரிக்கலை. அதுதான் எனக்குத் தாங்கலை, சிரிச்சிருந்தால்கூடப் பரவாயில்லை. "அது சின்னம்மா கிடாயிங்ம்மா"ன்னான்.

சட்டி மாறியிருக்கும்னு நான் சொன்னேன். நீங்களும் அடுப்படியில் நிக்கிறவர்தானே, நீங்களே சொல்லுங்க, அவசரத்தில் சட்டி மாறுமா மாறாதா?

மாறாதா?

சரி, நீங்க புதுசு.

அதுக்கப்புறம் நான் அவனோட பேசலை. கருப்பன்கிட்டே மட்டும்தான் பேசினேன். 'எல்லாத்தையும் அவளுக்கே கொடுத்துட்டியே, பிள்ளையை மட்டுமாவது எனக்கு வெச்சிருக்கக் கூடாதா'ன்னு கேட்டேன். ஐப்பசி மழை விழுந்த மறுநாள் பூபதியே கடையை விட்டுட்டு வந்து நின்னான். பேன்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டு, கையெல்லாம் கீறி, மேக்காட்டின் கோடியில் ஒரு துண்டைச் சுத்தி அவனே முள் வெட்டி வேலி போட்டான். அவனே படல் கட்டினான். சரசுகிட்டே விதை வாங்கிக்கிட்டு வந்து இறைச்சான். என் காட்டில் பிடுங்கின விதை தம்பி, சுத்திச் சுத்தி என் காட்டுக்கே வருது, அதுக்கு அவளுக்கு ஒரு நன்றி வேறே!

முடிச்சுட்டு எம் பக்கத்தில் உட்கார்ந்தான். "அம்மா, இந்த ஒரு துண்டு மட்டும். கதிர் முத்தி விதை உதிர்ற வரைக்கும் படலைத் தொறக்காதீங்க. தைப்பொங்கல் நோம்பி கழிச்சு நானே வந்து தொறந்து விடறேன். நாலு கிடாக்குட்டி மட்டும் அதுல மேயட்டும். வர்ற ஆடியில இருந்து நம்ம கடைக்கு உங்க கிடாதான். சத்தியமாச் சொல்றேன்"ன்னான். என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னான்.

அதனாலதான் சாத்தி வெச்சிருக்கேன். இந்தக் கதவுக்குப் பின்னாலே போய்ப் பாருங்க, அந்தத் துண்டில் மட்டும் புல் கதிர் விட்டு நிக்குது. என் காட்டிலேயும் முளைக்குது பார்த்தீங்களா, பூபதி கை பட்டதும்! தினமும் போய்ப் பார்த்துட்டுத்தான் வருவேன். ஆடும் என் கூடவே வந்து, வேலி ஓரத்தில் நின்னு, என் மூஞ்சியை ஒரு தடவை பார்க்கும், புல்லை ஒரு தடவை பார்க்கும். நான் கண்ணை மூடிக்கிட்டு, 'கருப்பா, எனக்குக் கல்லு மனசைக் கொடு'ன்னு வேண்டிக்கிட்டு வந்துருவேன். இதுவரைக்கும் திறக்கலை. விதை உதிரட்டும். ஆடி வரட்டும். அப்புறம் பேசிக்கலாம், கிழக்காட்டைத் திருப்பிக் கேட்கிறதைப் பத்தி. மறுபடியும் பூ வெச்சுத்தான் கேட்கணும்.

காப்பி குடிச்சாச்சுங்களா? அவள் வர்ற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்கிறதுக்கு, வந்து நம்ம கிடாக்குட்டியை ஒரு பார்வை பாருங்களேன். வாங்கச் சொல்லலை. தொழில் தெரிஞ்ச கை, தொட்டுப் பார்த்தால் தப்பா? வாங்க.

இந்தச் செவலை நல்லா இருக்குதுங்களா? வயிற்றைப் பாருங்க, எவ்வளவு பெரிசு. இதை நான் வளர்த்ததே தனி. என்ன, நடுமுதுகில் அந்த அழுத்து அழுத்தறீங்க? கண்ணிமையைப் பிதுக்கி எதுக்குப் பார்க்கறீங்க? வெளுத்திருக்கா? வயிற்றில் இருக்கிறது புழுவா? புல்லை மண்ணோட சேர்த்துக் கரண்டித் தின்னால் புழு ஏறுமா? சரசுவும் இதையேதான் சொன்னாள். உங்க ரெண்டு பேருக்கும் ஒரே வாயா? தஞ்சாவூரில் இருந்து வந்தும் அவள் பேச்சையே பேசறீங்களே!

கோவிச்சுக்காதீங்க. நான் கோபமாப் பேசறவள் இல்லை. ஆடு பசியில் இருக்குது, அதனால் அப்படித் தெரியுது.

அந்த மணிச் சத்தம் கேட்குதுங்களா? வந்துட்டாள். இன்னைக்கு என்னமோ சீக்கிரமே வந்துட்டாள். ஆள் வந்திருக்குன்னு மூக்கில் வேர்த்திருக்கும். பாருங்க, பாருங்க, உங்க கண்ணு போகிற வேகத்தைப் பாருங்க! என் செவலையைத் தொட்டுக்கிட்டே அங்கே பார்க்கறீங்க. தெரியுது, எனக்கும் கண்ணு இருக்குது. அவள் கிடா முதுகில் தண்ணி ஊத்தினால் வழியாமல் நிக்கும். ஒவ்வொண்ணும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மெதுவா நடந்து வருது. ஒண்ணாவது கத்துதா?

"ஏனுங்க்கா, ஒறம்பரையா?"

பேசறாள் பாருங்க, நம்மகிட்டேதான். நீங்க என் சொந்தக்காரரான்னு கேட்கிறாள். "ஒறம்பரையெல்லாம் இல்ல சரசு. உன்னையத் தேடித்தான் வந்திருக்காரு. பூபதி கடையில இருந்து. வழி தெரியாம நம்மூட்டுக்கு வந்துட்டாரு, பாவம்."

"அப்படிங்களா. வரச்சொல்லுங்க. மாமா ஊர்ல இல்லீங்களா? உங்க ஆடு கத்தறது பள்ளம் வரைக்கும் கேட்டுது. நாளைக்கு எங்கூடச் சேத்து ஓட்டிட்டுப் போறனுங்க்கா. படலை மட்டும் தொறந்துராதீங்க. கதிர் முத்தற நேரம்."

கேட்டீங்களா?

கேட்டீங்களா தம்பி, எனக்கு அவள் சொல்றாள்! என் காடு, என் பையன் கட்டின படல், அதைத் திறக்காதேன்னு இட்டேரியில் நின்னுக்கிட்டு எனக்கு அவள் சொல்றாள். சொல்லாமல் போயிருந்தால்கூட நான் சும்மா இருந்திருப்பேன். பூபதிதான் சொல்லி வெச்சிருப்பான். ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டு என்னைக் காவல் பார்க்கிறாங்க. அவள் ஆடு வயிறு நிறைஞ்சு என் வாசல் வழியாப் போகுது, என் ஆடு சோளத்தட்டை மோந்துக்கிட்டு நிக்குது. இதை ஒரு தாய் பார்த்துக்கிட்டு இருக்க முடியுங்களா?

நீங்க போங்க, அவள் கூப்பிடறாள். நல்லதாப் பார்த்து எடுங்க. எனக்கு ஒண்ணும் இல்லை. இருங்க, ஒரு நிமிசம் இந்தப் பட்டிக் கதவை மட்டும் பிடிச்சுக்குங்க. ஹே, ஹே, வா சாமி, வாங்க. தள்ளாதீங்க, எல்லாருக்கும்தான். செவலை, நீ முன்னாடி போ. இன்னைக்கு ஒரு நாள்தானே தம்பி. ஒரு வாய் தின்னால் அத்தனை கதிரும் போயிருமா? பாருங்க, எப்படி ஓடுதுன்னு பாருங்க. இப்போ கத்துதா? ஒரு சத்தம் இருக்குதா? இப்பத்தான் எனக்கு மூச்சே வருது.

தம்பி, இருங்க. போனதும் உங்க முதலாளி கேட்பான். கிடாயைப் பத்திக் கேட்கிறதுக்கு முன்னாடி இதைத்தான் கேட்பான், அம்மா படலைச் சாத்தி வெச்சிருக்காங்களான்னு. உங்களைப் பொய் சொல்லச் சொல்ல மாட்டேன், நான் சாமி கும்பிடறவள். இதோ, எல்லாம் பூபதி போட்ட வேலிக்கு உள்ளே போயிருச்சு. படலை இழுத்து வெச்சாச்சு. கயிறும் போட்டாச்சு.

சாத்தித்தான் இருக்குதுன்னு சொல்லுங்க. நீங்களே கண்ணால் பார்த்தீங்கல்ல.